வாசலைத் தாண்டிய செருப்பு

ஜூன் 16, திங்கள்

அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் கோணலாக விழுந்து வீணாகும் தாள்களைச் சேர்த்துத் தைத்து இந்த நோட்டைச் செய்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் யாருடைய பட்டாவோ பாதி இருக்கிறது, அல்லது யாருடைய ஆதார் முகமோ கறுப்பாக இருக்கிறது. மறுபக்கம் எனக்கு. தினமும் எழுதிப் பழகினால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கை ஓடும் என்று தமிழ் டீச்சர் சொன்னார். சங்கரன்கோவிலில் தினமும் எழுத என்ன நடந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். முதல் நாளே நடந்துவிட்டது.

காலையில் வீடு துடைத்தேன். எங்கள் வீட்டுத் தரை சிவப்பு சிமெண்ட். துணியைப் பிழிந்தபோது தண்ணீர் சிவந்தது. தரையிலிருந்து சாயம் இறங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு குனிந்து பார்த்தால் அடுப்படியிலிருந்து வாசல்வரை பொட்டுப் பொட்டாக இருந்தது. சிவப்பின் மேல் சிவப்பு தெரியவில்லை, அவ்வளவுதான். அப்பா தோசை சுட்டுக்கொண்டு நின்றார். காலைத் தூக்கச் சொன்னேன். வலது காலில், பெருவிரலுக்குக் கீழே பாதம் மேடாக இருக்கும் இடத்தில், ஒரு ஸ்டேப்ளர் பின் முழுதாக உள்ளே போயிருந்தது.

“எப்பப்பா குத்துச்சு?”

“குத்துச்சா?” என்று அப்பா என்னையே திருப்பிக் கேட்டார்.

பின் கடையில்தான் குத்தியிருக்க வேண்டும். நேற்று ஞாயிறு, கடை கிடையாது. அப்படியானால் சனிக்கிழமையிலிருந்து அதன் மேலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறார். ஊக்கை வைத்து நான்தான் நெம்பி எடுத்தேன். அப்பா அடுத்த தோசையைத் திருப்பினார்.

அம்மா இருந்திருந்தால் சனிக்கிழமையே பார்த்திருப்பாள். போன தை மாதம் காய்ச்சலில் அம்மா இறந்துபோனாள். எங்காவது ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பதால் எழுதினேன். கணக்கு வீட்டுப்பாடம் பாக்கி இருக்கிறது.

ஜூன் 18, புதன்

பள்ளிக்கு லீவு. அப்பாவோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பாவுக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை உண்டு. மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை அம்மாவுடையது. இந்தச் சில மாதங்கள் அதை யாரும் சரியாகச் செய்யவில்லை என்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. டாக்டர் கோபிக்கவில்லை. காலுக்கென்று தனியாக இருந்த அறைக்கு அனுப்பினார்.

அங்கேதான் எப்சிபா சிஸ்டரைப் பார்த்தேன். வார்டு வேலையும் பார்த்துக்கொண்டு நர்சிங்கில் மேல்படிப்பும் படிக்கிறார். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் புண் ஏன் ஆறாமல் இழுக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பேனாவைப் போன்ற ஒரு பிடியின் நுனியில் ஒரு நைலான் இழை. அப்பாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, அந்த இழை வளையும்வரை பாதத்தில் அங்கங்கே அழுத்தினார். பட்டது தெரிந்தால் “ஆமா” என்று சொல்ல வேண்டும்.

முதலில் கையில் தொட்டுக் காட்டினார். அப்பா உடனே ஆமா என்றார். பிறகு காலுக்குப் போனார். விரல் நுனி, பாதத்தின் மேடு, ஓரம். அப்பா சும்மா இருந்தார். இழை வளைவதை நான் பார்க்கிறேன், அப்பாவின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. சிஸ்டர் கையை எடுத்துவிட்டுச் சிலை போல அசையாமல் இருந்தபோது அப்பா, “ஆமா,” என்றார்.

“நான் தொடவே இல்லையே அண்ணாச்சி.”

“ஆமாஞ்சாமி போட்டாத்தான விடுவீங்க,” என்று அப்பா சிரித்தார்.

சிஸ்டரும் சிரித்தார். ஆனால் தொடாமலே ஆமா சொன்னால் அது தப்பு என்று குறித்துக்கொண்டார். கால் நரம்புகள் மரத்துவிட்டன, வலி என்று ஒரு காவல்காரன் இனி கிடையாது, அதனால் கண்ணால்தான் காவல் காக்க வேண்டும் என்று எனக்கு விளக்கினார். புண்ணைச் சுற்றியிருந்த தடித்த தோலைச் சீவி எடுத்துக் கட்டுப் போட்டார். அவர் கையில் ஸ்பிரிட் வாசனையும் பவுடர் வாசனையும் கலந்து வந்தன.

“ஒம்பேரு என்ன பிள்ள?”

“ஆவுடைநாச்சியார்.”

“எம்மா. கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள அடுத்த பஸ் வந்துருமே.”

வகுப்பில் யாராவது அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். இன்று வரவில்லை.

ஜூன் 21, சனி

அப்பாவுக்கு, மரத்த காலுக்கென்றே செய்கிற எம்.சி.ஆர். செருப்பு வந்துவிட்டது. உள்ளே மெத்தென்ற ரப்பர். புண் இருக்கும் இடத்தில் பாரம் விழாதபடி கொஞ்சம் குடைந்திருக்கிறார்கள். குதிகாலுக்குப் பின்னாலும் வார் உண்டு. கல் கிடக்கிறதா என்று உள்ளே கைவிட்டுப் பார்த்த பிறகுதான் போட வேண்டும். அது என் வேலை.

முதலில் கடையில் தகராறு. ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்னால் அப்பா செருப்புப் போட்டு நிற்க மாட்டார். சோறு போடுகிற மெஷினாம். பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் வைக்கிற இடமாம். பின் சிதறிக் கிடக்கும் தரையில் வெறுங்காலோடு நிற்பதாக இருந்தால் என்னிடம் வரவே வேண்டாம் என்று சிஸ்டர் போனில் சொன்ன பிறகு போட்டுக்கொண்டார். மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான்.

சாயங்காலம் வீட்டு வாசலில் அந்தச் செருப்பை அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடி சேர்த்து வைத்தேன். அம்மாவின் செருப்பை யாரும் எடுக்கவில்லை. நான் வாரம் ஒருமுறை தூசி தட்டுவேன்.

தரையைப் பற்றியும் எழுத வேண்டும். இந்த வீடு கட்டும்போது நான் ஒன்றாம் வகுப்பு. சிவப்பு சிமெண்ட்தான் வேண்டும் என்று அம்மா அடம்பிடித்துப் போட்டாள். காய்வதற்குள் யாரும் மிதிக்கக் கூடாது என்று எல்லாரையும் விரட்டினாள். கடைசியில் மிதித்தது அவள்தான். அடுப்படி வாசலில் அவளுடைய வலது கால் பதிந்திருக்கிறது. கொத்தனார் பூசிவிடுகிறேன் என்றார். அப்பாதான் இருக்கட்டும் என்றாராம். துடைக்கும்போது அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். தனியாக ஒற்றி எடுக்க வேண்டும்.

“செருப்பு.” அம்மாவுக்கு அந்த ஒரு சொல் போதும். யார் வாசலில் காலை வைத்தாலும் அடுப்படியிலிருந்து குரல் வரும். தபால்காரருக்கும் வரும். இப்போது நான் சொல்கிறேன். “அப்பா, செருப்பு.” அப்படியே அம்மா மாதிரி இருக்கிறதாம். அப்பா நின்று, சிரித்து, கழற்றிவிட்டு உள்ளே வருவார்.

ஜூன் 29, ஞாயிறு

மழை பெய்யும் போலிருந்தது. பெய்யவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

தினமும் அப்பாவின் காலைக் கழுவி, விரல் இடுக்கில் துடைத்து, கட்டு மாற்றுகிறேன். சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி அப்படியே செய்கிறேன். தண்ணீர்ச் சூட்டை என் முழங்கையால் பார்க்க வேண்டும். அப்பாவின் காலை நம்பக் கூடாது.

தூண்டில் நரம்பு வாங்கி ஒரு குச்சியில் கட்டி நானும் சோதனை செய்து பார்த்தேன். அப்பா ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். குதிகாலில் மட்டும் சரியாகச் சொன்னார். மற்ற இடங்களில் சும்மா ஆமா ஆமா என்றார். தப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் அப்பா கண்ணைத் திறந்து, “இன்னொரு தடவ பாரு தாயீ,” என்றார். விளையாட்டுக்குச் சொல்வது மாதிரி இல்லை.

கிளை நூலகத்தில் நரம்பு மண்டலம் பற்றி ஒரு புத்தகம் எடுத்திருக்கிறேன். படம் நன்றாக இருக்கிறது. போன உணர்ச்சி திரும்பி வருமா என்ற சந்தேகத்துக்கு அதில் விடை இல்லை.

ஜூலை 23, புதன்

உள்ளங்காலைத் தானே பார்த்துக்கொள்ள அப்பாவுக்குக் குனிய முடியவில்லை. ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியில் காலை வைத்துப் பிரதி எடுத்தால் தெளிவாகத் தெரியுமே என்று யோசனை சொன்னேன். அப்பா என்னை அடிக்காததுதான் மிச்சம். பிறகு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

புண் சிறிதாகவில்லை. சிஸ்டர் அளந்து பார்த்துவிட்டு மறுபடி அளந்தார். ஓரம் சுத்தமாக இருக்கிறது, சீழ் இல்லை, சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. ஆனாலும் மூடவில்லை. செருப்புப் போடுகிறீர்களா என்று கேட்டார். போடுகிறேன் என்று அப்பா சொன்னார். நானும் சாட்சி சொன்னேன். கடைக்குக் கிளம்பும்போது மாட்டினால் கடையை விட்டு வரும்வரை கழற்றுவதில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். எலும்புக்கு இன்னும் போகவில்லையாம். இப்படியே திறந்து கிடந்தால் போகும், போனால் பெருவிரலை எடுக்க வேண்டிவரும், அதோடு நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் அப்பா எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கவில்லை. நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மா கனவில் வந்தாள். என்னிடம் பேசவில்லை, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தெரிந்தேதான் விழிக்காமல் கிடந்தேன். பள்ளிக்குத் தாமதம்.

ஆகஸ்ட் 16, சனி

சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆராய்ச்சிக்காக நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிறாராம். விடியற்காலையிலேயே எழுந்து துடைத்துத் தரையை முகம் தெரியும்படி வைத்திருந்தேன். சிஸ்டர் வாசலில் செருப்பைக் கழற்றியபோது பக்கத்தில் இருந்ததைப் பார்த்து யாருடையது என்றார். அம்மாவுடையது என்றேன். தன்னுடையதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

தரை எவ்வளவு பளபளப்பு என்றார். எனக்குச் சந்தோஷம். அவருடைய மகள் நாசரேத்தில் அம்மாச்சி வீட்டில் இருக்கிறாளாம், நாலாவது படிக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்ப்பாராம். அதைச் சொல்லும்போது என் பின்னலைச் சரிசெய்துவிட்டார். பின்னல் சரியாகத்தான் இருந்தது. நான் அசையவில்லை.

வீட்டு வேலை யார் செய்கிறார்கள் என்று கேட்டார். அப்பாதான் சமைப்பார், தண்ணீர் பிடிப்பார், துணி துவைத்து உலர்த்துவார், நான் பெருக்கித் துடைப்பேன் என்றேன். கடையில் அப்பா பெரும்பாலும் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பார் என்றும் சொன்னேன். அப்போதே அவர் முகம் யோசனையாக ஆனது.

மதியம் அப்பா கடையை அடைத்துவிட்டு வந்தார். வாசலில் நிழல் விழுந்ததும் என் வாய் தானாகச் சொன்னது.

“அப்பா, செருப்பு.”

அப்பா நின்று, சிரித்து, பின்வாரைத் தள்ளிக் கழற்றினார். கட்டுப்போட்ட காலைத் தரையில் வைத்தார்.

“அண்ணாச்சி, அங்கயே நில்லுங்க,” என்றார் சிஸ்டர். “வீட்டுக்குள்ள போட மாட்டீங்களா?”

“வீட்டுக்குள்ள யாராச்சும் செருப்பு போடுவாகளா சிஸ்டர்?”

சிஸ்டர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். அவர் காலும் வெறுங்கால்தான். பிறகு மெதுவாக, எங்களிடம் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னார்.

“இதுவர போன அத்தன வீட்லயும் எஞ்செருப்ப வாசல்ல விட்டுட்டுத்தான் உள்ள போனேன். உக்காந்துகிட்டு, செருப்பு போடுதீகளான்னு கேப்பேன். போடுதோம்பாங்க. பொய் இல்ல. நானும் எழுதிக்கிடுவேன். நடக்கது பூராம் வீட்டுக்குள்ளன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க.”

புண் ஆறும்வரை மட்டுமல்ல, இனி எப்போதுமே வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடக்க வேண்டும் என்றார். உள்ளே போட்டுக்கொள்ளத் தனி ஜோடி தருவதாகச் சொன்னார்.

நான் காபி போடப் போனேன். டிகாக்‌ஷனைக் கொட்டிவிட்டேன். அதைத் தவிர எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

புது ஜோடி வந்தது. அப்பா அதை வாசல்படியிலேயே வைத்திருக்கிறார். உள்ளே வரவில்லை, அதாவது செருப்பு.

“அவ தரையில செருப்பு போட்டு நான் நடக்க மாட்டேன். வெரல்தான? எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க.”

விரல்தானே என்று அப்பா சொன்னதும் நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அப்பா என்னைக் கூப்பிட்டார், கெஞ்சினார். நான் பதில் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்தாலும் அப்படித்தான் செய்வாள்.

அப்பா வாசலுக்கு வந்தால் இப்போது நான் எதுவும் சொல்வதில்லை. தானாகவே கழற்றுகிறார். கழற்றிவிட்டு, ஒரு கணம் நின்று, உள்ளே பார்க்கிறார்.

முக்கோணவியல் புரியத் தொடங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் பால் பொங்கும் வாசனை வந்து எழுந்து போனேன். அப்பா அடுப்பை அணைக்கவில்லை. அடுப்படி வாசலில், அம்மாவின் கால் பதிந்த குழியில், தன் வலது காலை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடியிருந்தார். காலை இப்படியும் அப்படியும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார். சிஸ்டரின் இழை போல எதையோ தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

நான் அடுப்பை அணைத்தேன். அப்பா திடுக்கிட்டார்.

“தெனமும் நிப்பேன்,” என்றார். “மொதல்ல மொதல்ல நல்லாத் தெரியும் ஆவுடை. அவ கால் மேல எங்கால வச்ச மாதிரியே இருக்கும். வெரல் பதிஞ்ச எடமெல்லாம் தெரியும். இப்ப வெறுந் தர மாதிரி இருக்கு. சரியாத்தான் நிக்கமான்னு குனிஞ்சு பாக்க வேண்டியிருக்கு.”

பாலைத் துடைத்தேன். அப்பா இட்லிப் பானையைத் தேடினார். அது எதிரில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

பள்ளி விட்டதும் கடைக்குப் போய், அப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் சிஸ்டருக்குப் போன் செய்தேன். ஒரே ஒரு கேள்வி.

“புண்ணு ஆறிட்டுன்னா உணர்ச்சி திரும்பி வருமா சிஸ்டர்?”

அவர் சுற்றி வளைக்கவில்லை. “போனது வராது பிள்ள. புண்ணு ஆறும், காலு நிக்கும், நடப்பாரு. அதுக்குத்தான் இவ்வளவும்.”

சரி என்றேன். அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. வார்டில் யாரோ அவரைக் கூப்பிட்டது கேட்டது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

புதுச் செருப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உள்ளே கல் இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்தேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன். அடுப்படியிலிருந்து குரல் வருமோ என்று நின்றேன். நின்றேன் என்பது உண்மை. ரேடியோ பக்கத்து வீட்டில் பாடிக்கொண்டிருந்தது.

அப்பா கடையிலிருந்து வந்து வாசலில் வெளிச்செருப்பைக் கழற்றினார். நான் உள்ளே, அவர் கால் வைக்கிற இடத்தில், புது ஜோடியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

“அப்பா, செருப்பு.”

அம்மா சொல்வது போலவேதான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வெகுநேரம் கழித்துக் காலை நீட்டினார். நான் வாரை மாட்டிவிட்டேன். எங்கள் வீட்டுக்குள் செருப்புச் சத்தம் கேட்டது இதுதான் முதல் தடவை. சளக், சளக் என்று அடுப்படிவரை போனது. அடுப்படி வாசலில் அந்தக் குழியைச் சுற்றிக்கொண்டு போனது.

ஆகஸ்ட் 27, புதன்

சத்தம் பழகவில்லை. யாரோ வந்திருப்பது போலவே இருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

புண் பாதியாகிவிட்டது. டாக்டர் விரலைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் நினைவு வந்துவிடும்.

சிஸ்டர் பழைய வீடுகளுக்கெல்லாம் மறுபடி போகிறாராம். இந்தத் தடவை செருப்புப் போடுகிறீர்களா என்று கேட்பதில்லையாம். காலையில் எழுந்ததிலிருந்து எங்கெங்கே நடந்தீர்கள், அப்போது காலில் என்ன இருந்தது என்று கேட்கிறாராம். உள்ளே செருப்புப் போடாததற்கு ஒரு வீட்டில் சாமி அறை காரணம், ஒரு வீட்டில் மருமகள், இன்னொரு வீட்டில் தரைக்கு வாஸ்து. எங்கள் வீட்டுக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “வழக்கம்,” என்றார்.

அக்டோபர் 10, வெள்ளி

மூடிவிட்டது. இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். சிஸ்டர் அதை விரலால் தொட்டு, அப்பாவிடம் ஒன்றும் கேட்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். இனி அடிக்கடி வர வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும் என்றார். நல்ல செய்தி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன், அப்பா பேசியது ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வீடு துடைத்தேன். செருப்புத் தடம் விழுகிறது, முன்பைவிட வேலை கூடுதல். அம்மாவின் கால் குழியில் நின்ற தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அப்பா பக்கத்தில் நின்றார், செருப்போடு. குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். நான் வெறுங்காலோடு குழிக்குள் நின்றேன். முன்பெல்லாம் என் கால் அதில் தொலைந்து போகும். இப்போது அளவாக இருக்கிறது.

“குதிகால் கிட்ட குளுந்து கெடக்குப்பா.”

“ஆமா.”

“நடுவுல பள்ளமே இல்ல. அங்க அம்மா கால் படல.”

“ஆமா. அவளுக்கு உள்ளங்கால் நல்லா வளஞ்சிருக்கும்.”

“பெருவெரலவிட ரெண்டாவது வெரல் நீளம்.”

“ஆமா.”

“சுண்டுவெரல் லேசாத்தான் பதிஞ்சிருக்கு. ஓடிட்டுப் போயிருக்கா.”

அப்பா தலையை ஆட்டினார். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அசையாமல் நின்றேன். வாசலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் எதுவும் கேட்காமலே, “ஆமா,” என்றார்.

தப்பு என்று நான் சொல்லவில்லை.